பர்ச்சேஸ் ஆர்டர் (பிஓ) தலைவலி: பிஓ லேட் ஆகாம, பில்லு சண்டை வராம பாத்துக்கிறது எப்படி? அடிக்கடி கேக்குற கேள்விகள்

கோயம்புத்தூர்ல மோட்டார் பம்ப்செட் பண்ற ஒரு நடுத்தர கம்பெனியில பர்ச்சேஸ் பாக்குறேன், அதுக்கு முன்னாடி அதே மாதிரி இன்னொரு யூனிட்ல ஸ்டோர்ஸ்ல இருந்தேன். புதுசா பர்ச்சேஸுக்கு வந்த தம்பிங்க, பக்கத்து யூனிட் ஸ்டோர்ஸ்காரங்க, அக்கவுண்ட்ஸ் மேடம் எல்லாரும் மாத்தி மாத்தி கேட்ட கேள்விங்கள ஒரே இடத்துல போட்டுட்டேன். உங்க யூனிட் வேற சரக்கா இருந்தாலும் பேரு மட்டும் தான் மாறும், தலைவலி ஒண்ணு தாங்க.

போன்ல சொன்னாலே சரக்கு வந்துடுது, அப்புறம் எதுக்குங்க பிஓ?

வருதுங்க, யாரு இல்லேன்னா. வந்தப்புறம் தான் ஆரம்பிக்குது. கேட்ல வண்டி நிக்கும், 200 காஸ்டிங் (ஃபவுண்ட்ரியில வார்த்த பாகம்) இருக்கு, ஸ்டோர்ஸ்காரருக்கு நாம 200 கேட்டோமா 150 கேட்டோமான்னு தெரியாது, குவாலிட்டி பையனுக்கு எந்த டிராயிங் வச்சு செக் பண்றதுன்னு தெரியாது, ஒரு மாசம் கழிச்சு பில்ல கையில வச்சுக்கிட்டு அக்கவுண்ட்ஸ்ல "இந்த ரேட்டுக்கு யாரு ஓகே சொன்னது"ன்னு கேப்பாங்க, அன்னிக்குன்னு பாத்து போன்ல பேசுனவரு குலதெய்வம் கோயிலுக்கு போயிருப்பாரு. பிஓ பார்ட்டிக்கு, அதாவது சரக்கு தர்றவருக்கு, அனுப்புற லெட்டர்னு நெனச்சுட்டு இருக்கோம், ஆனா பார்ட்டி அத ஒரு தடவை பாத்தா பெருசு, நம்ம ஆளுங்க நாலு பேரு தான் திரும்ப திரும்ப எடுத்து பாக்குறாங்க.

சட்டப்படி பாத்தாலும் நாம அனுப்புற பிஓவ பார்ட்டி ஒத்துக்கிட்டா அது ஒப்பந்தம், 1872 ஒப்பந்தச் சட்டமும் 1930 சரக்கு விற்பனைச் சட்டமும் அதுக்குப் பொருந்தும். அந்த 1930 சட்டத்துல 37ஆவது பிரிவு, கேட்டதுக்கு மேல அனுப்பினா கேட்ட அளவ மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்குன்னு சொல்லுது. கேட்டது எவ்வளவுன்னு காட்ட பேப்பர் வேணுமே.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கிறது? சாப்ட்வேர் வாங்கிடலாமா?

வாங்காதீங்க. மொதல்ல போன மூணு மாச பர்ச்சேஸ் பில்லு ஃபைல எடுங்க, எக்ஸெல்ல ஒவ்வொரு பில்லுக்கும் இண்டென்ட் (இன்ன சரக்கு வேணும்னு டிபார்ட்மென்ட்ல இருந்து வர்ற சீட்டு) தேதி, பிஓ தேதி, பில் தேதி மூணும் அடிங்க. பிஓ தேதி பில் தேதிக்கு அப்புறமா இருந்தா அந்த வரிய சிவப்பாக்குங்க. அதாவது சரக்கு வந்து பில்லும் வந்தப்புறம், பணம் பாஸ் ஆகணுமேன்னு சும்மா கடமைக்கு போட்ட பிஓ. நான் இதை முதல் தடவை பண்ணப்ப மூணுல ஒண்ணுக்கு மேல சிவப்பு, எனக்கே வெக்கமா போச்சு, ஏன்னா அதுல பாதி நானே டைப் பண்ணுனது.

என்னைக் கேட்டா இந்த ஒரு கணக்கு போதும். எத்தனை பிஓ போட்டோம், எவ்ளோ மிச்சம் பண்ணோம்னு எம்டிக்கு கலர் கலரா சார்ட் காட்டலாம், ஆனா சிவப்பு வரி மாசாமாசம் குறையுதான்னு பாருங்க, மத்ததெல்லாம் தானா பின்னாடி வரும்.

ஒரு பிஓ போட எங்க கம்பெனியில ஆறேழு நாள் ஆகுது. டைப் பண்றது பத்து நிமிஷ வேலை தானே, மிச்ச நாள் எங்க போகுது?

ரெண்டு இடத்துல போகுது, ஒண்ணு இண்டென்ட் அரைகுறையா வர்றது, இன்னொண்ணு கையெழுத்துக்காக காத்துக் கிடக்கிறது. டைப்பிங்க குறை சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல.

இண்டென்ட் எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும், துண்டு சீட்டுல "பேரிங் 50, அர்ஜென்ட்" அவ்ளோ தான். என்ன நம்பர், என்ன மேக், மூடி வச்சதா திறந்ததா, ஸ்டோர்ஸ்ல ஏற்கனவே இருக்கா, எப்ப வேணும், எந்த மோட்டாருக்கு, ஒண்ணும் இருக்காது. அப்புறம் நான் ஷாப் ஃப்ளோருக்கு போன் அடிக்கணும், சூப்பர்வைசர் மிஷின் சத்தத்துல எடுக்க மாட்டாரு, மதியம் எடுப்பாரு, எடுத்து "போன தடவ வாங்குனதே தாண்ணே"ம்பாரு, போன தடவ வாங்குனது ரெண்டு விதம். ஒரு நாள் போச்சு.

நாங்க பண்ணது என்னன்னா ஐட்டம் கோடு இல்லாத இண்டென்ட்ட வாங்குறதில்லைன்னு முடிவு பண்ணோம். ஸ்டோர்ஸ்காரர் இருப்பு எவ்ளோன்னு எழுதி கையெழுத்து போட்டா தான் பர்ச்சேஸுக்கு வரும். "அர்ஜென்ட்"ங்கற வார்த்தைய ஃபார்ம்ல இருந்தே எடுத்துட்டு, எந்த தேதிக்கு வேணும்னு ஒரு கட்டம் போட்டோம், ஏன்னா எல்லாருக்கும் எல்லாமே அர்ஜென்ட், ஆனா தேதி எழுதச் சொன்னா கை கொஞ்சம் யோசிக்கும். முதல் ரெண்டு வாரம் புரொடக்ஷன் மேனேஜர் என்கூட பேசவே இல்லீங்க.

ஐட்டம் கோடு லிஸ்ட் சுத்தமா இல்லேன்னா இதுவும் வேலைக்கு ஆகாது. ஒரே போல்ட் "எம்8x25 ஹெக்ஸ்", "8எம்எம் போல்ட் 1 இஞ்ச்", "போல்ட் எம்8"ன்னு மூணு பேருல கிடக்கும், மூணுலயும் தனித்தனியா ஸ்டாக் இருக்கும், நாலாவதா ஒண்ணு வாங்கிட்டு இருப்போம். ஒரு சனிக்கிழமை ஸ்டோர்ஸ்ல உக்காந்து அடிக்கடி வாங்குற 200 ஐட்டத்த மட்டும் சரி பண்ணுங்க. மொத்தத்தையும் ஒரே மூச்சுல பண்றேன்னு கிளம்புனா ஆயுசுக்கும் முடியாது.

கையெழுத்து நாலு பேரு போடணும்னு ரூல். ஒருத்தர் டூர் போனா எல்லாம் நிக்குது. என்ன பண்றது?

நாலு பேரு கையெழுத்து போட்டா யாருமே படிக்கலேன்னு அர்த்தம். முதல் ஆளு "அடுத்தவர் பாப்பாரு"ம்பாரு, கடைசி ஆளு "மூணு பேரு பாத்துட்டாங்களே"ம்பாரு.

தொகைய வச்சு பிரிச்சுடுங்க. உதாரணத்துக்கு 10,000 வரைக்கும் பர்ச்சேஸ் ஆளே, 1 லட்சம் வரைக்கும் மேனேஜர், அதுக்கு மேல எம்டி. இந்த தொகை உங்க கம்பெனிக்கு தகுந்த மாதிரி மாத்திக்கலாம், ஆனா எதுலயும் ரெண்டு கையெழுத்துக்கு மேல வேண்டாம். ஒருத்தர் லீவுன்னா அவருக்கு பதிலா யாருன்னு முன்னாடியே பேரு எழுதி வச்சுடணும். ரேட் கான்ட்ராக்ட் இருக்கிற ஐட்டத்துக்கு திரும்ப அப்ரூவல் எதுக்கு, வருஷ ஆரம்பத்துலயே ரேட்டுக்கு ஓகே வாங்கியாச்சே.

ஒரு எச்சரிக்கை. லிமிட் வச்ச அடுத்த மாசமே 9,800, 9,650, 9,900ன்னு ஒரே பார்ட்டிக்கு ஒரே வாரத்துல மூணு பிஓ போகும். 30,000 ரூபா ஆர்டர மூணா ஒடச்சு இருப்பாங்க. எல்லா தடவையும் திருட்டுத்தனம்னு சொல்ல மாட்டேன், பாதி நேரம் மேனேஜர் கிட்ட போய் நிக்க சோம்பேறித்தனம். ஆனா மாசம் ஒரு தடவை பார்ட்டி வாரியா வரிசைப்படுத்தி பாத்துடுங்க.

எல்லாத்துக்கும் மூணு கொட்டேஷன் வாங்கணுமா?

வேண்டாங்க. 600 ரூபா காட்டன் வேஸ்ட்டுக்கு மூணு கொட்டேஷன் கேட்டா கடைக்காரரு சிரிப்பாரு, அப்புறம் நீங்களே ஒருத்தர் கிட்ட சொல்லி மூணு லெட்டர் பேட்லயும் வாங்குவீங்க, எல்லா ஊர்லயும் நடக்குறது தான். புது ஐட்டம், பெரிய தொகை, ரேட் ஒரு வருஷமா மாறாம கிடக்குற ஐட்டம், இதுக்கு மட்டும் கேளுங்க.

கேக்கும்போது ஒரே அடிப்படையில கேளுங்க. ஒருத்தர் 92 ரூபா நம்ம கேட் வரைக்கும், இன்னொருத்தர் 88 ரூபா ஆனா லாரி வாடகை நம்மது, மூணாமவரு 89 ஆனா பேக்கிங் ஃபார்வர்டிங் 2% தனி, முழு அட்வான்ஸ். 88 தான் கம்மின்னு டிக் அடிச்சா மாட்டுனீங்க. வாடகை, பேக்கிங், கிரெடிட் நாள் எல்லாத்தையும் சேத்து நம்ம கேட்ல வந்து இறங்குற விலைய போட்டுப் பாத்துட்டு அப்புறம் டிக் அடிங்க.

அடிக்கடி வாங்குற ஐட்டத்துக்கு தினமும் பிஓ போட வேண்டியிருக்கு. சுலபமா வழி இருக்கா?

இருக்கு. வருஷத்துக்கோ ஆறு மாசத்துக்கோ ஓப்பன் பிஓ ஒண்ணு போட்டுடுங்க, ரேட், மொத்த உத்தேச அளவு, பேமென்ட் எல்லாம் அதுல இருக்கும், அப்புறம் வாரா வாரம் "இந்த வாரம் இவ்ளோ அனுப்புங்க"ன்னு ஷெட்யூல் மட்டும் போகும். பேக்கிங் பெட்டி, பெயின்ட், போல்ட் நட், கட்டிங் ஆயில் இதெல்லாம் இதுக்கு அருமையா செட் ஆகும். ஒரே ஒரு விஷயம், முடியிற தேதியும் உச்ச அளவும் போடாம ஓப்பன் பிஓ போட்டுடாதீங்க, கதவை திறந்து வச்சுட்டு தூங்குற மாதிரி.

பிஓல எந்த எடத்துல தான் அதிகமா தப்பு வருது?

ரேட்டுல வரும்னு நெனப்பீங்க. என் அனுபவத்துல அளவு தாங்க, அதாவது யூனிட். இத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

ஷாஃப்ட்டுக்கு இஎன்8ங்கற ஸ்டீல்ல ரவுண்ட் ராடு, 32 எம்எம். இண்டென்ட்ல "20 லென்த்"னு எழுதி இருந்துச்சு, பையன் பிஓலயும் "20 நம்பர்"னு போட்டுட்டான். பார்ட்டி பில்லு போடறது கிலோவுல. பில்லு 790 கிலோன்னு வருது, பிஓல 20 நம்பர்னு இருக்கு, ஜிஆர்என்ல (சரக்கு வந்ததுக்கு ஸ்டோர்ஸ்ல போடுற சீட்டு) ஸ்டோர்ஸ்காரர் எண்ணி 20ன்னு போட்டுட்டாரு. அக்கவுண்ட்ஸ் மேடம் மூணு பேப்பரையும் வச்சு 20க்கும் 790க்கும் என்ன சம்பந்தம்னு உக்காந்திருந்தாங்க, பில்லு மூணு வாரம் பெண்டிங், பார்ட்டி தினம் போன்.

கணக்கு ரொம்ப சுலபம். விட்டத்த எம்எம்ல எடுத்து அதையே பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும், இரும்பு வாங்குற எல்லாருக்கும் மனப்பாடம். 32ஐ 32ஆல பெருக்குனா 1024, வகுத்தா 6.32 கிலோ. 6 மீட்டர் லென்த் ஒண்ணுக்கு 37.9 கிலோ, 20 லென்த்துக்கு 758 கிலோ. பில்லு 790. ராடு கொஞ்சம் நீளமா இருக்கலாம், விட்டத்துல கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனா 32 கிலோ வித்தியாசம் 4%க்கு மேல, அப்ப எடைமேடை சீட்ட கேக்கணும். கேட்டோம். பார்ட்டியோட எடைமேடையில போட்ட சீட்டுல பக்கத்து கடை ஆர்டர், இத விட மெல்லிசான ராடு, ரெண்டு லென்த்து சேந்திருந்துச்சு, தப்பு அவரோடதுன்னு ஒத்துக்கிட்டு கிரெடிட் நோட் குடுத்துட்டாரு, நல்ல மனுஷன்.

இப்ப எங்க பிஓல ராடுக்கு ரெண்டு யூனிட்டும் போகுது, "20 லென்த், உத்தேசம் 758 கிலோ, 2% கூடக் குறைய ஏத்துக்குவோம், எடை எங்க எடைமேடையில போட்டது தான்". இந்த ஒரு வரியில அந்த சண்டையே ஒழிஞ்சு போச்சு.

காஸ்டிங்லயும் இதே தான், இன்னும் கொஞ்சம் உஷாரா இருக்கணும். ஃபவுண்ட்ரிக்கு நாம கிலோவுக்கு பணம் தர்றோம், டிராயிங்ல 8.5 கிலோ இருக்கிற காஸ்டிங் 9.1 கிலோவுக்கு வந்தா அவருக்கு லாபம், நாம அந்த 600 கிராம காசு குடுத்து வாங்கி, அப்புறம் லேத்துல காசு குடுத்து செதுக்கி எடுத்து, சுருளா ஸ்க்ராப்புக்கு போடுறோம். 200 காஸ்டிங்னா 120 கிலோ, கிலோ 95 ரூபான்னு வச்சாலும் 11,400 ரூபா. பிஓல "ஒரு காஸ்டிங்குக்கு 8.5 கிலோ, அதுக்கு மேல 3% வரைக்கும் தான் பணம்"னு எழுதிடுங்க. எழுதுன அடுத்த லாட்ல பேட்டர்ன்ல (அச்சு எடுக்குற மாதிரி உரு) தேய்மானம் சரி பண்ணி 8.6க்கு வந்துச்சுங்க, அது வரைக்கும் ஏன் வரலேன்னு நான் கேக்கல.

டிராயிங் நம்பர் போட்டா போதாதா, ரிவிஷனும் போடணுமா?

போடணும். எங்ககிட்ட ஒரு தடவை பேரிங் சைஸ் மாத்தி டிராயிங் ரிவிஷன் சி ஆயிடுச்சு, பர்ச்சேஸ்ல பழைய பிஓவ காப்பி பண்ணி தேதி மட்டும் மாத்தி அனுப்பிட்டோம், அதுல ரிவிஷன் பி. பார்ட்டி பி படி சுத்தமா மெஷினிங் பண்ணி அனுப்பிட்டாரு, 180 பீஸ், குவாலிட்டில எல்லாம் ரிஜெக்ட். அவர் மேல ஒரு தப்பும் இல்ல, பணத்த குடுத்தோம். பழைய பிஓவ காப்பி பண்றது குத்தமில்ல, எல்லாரும் பண்றது தான், ஆனா ரிவிஷன், ரேட், டெலிவரி தேதி இந்த மூணு எடமும் காப்பி ஆகும்போது காலியா போற மாதிரி செட் பண்ணிடுங்க, அடிச்சா தான் சேவ் ஆகணும்.

காப்பர் வயர் ரேட் தினம் மாறுது. பிஓல என்ன ரேட் போடுறது?

ஒரு நம்பர் போடாதீங்க, கணக்கு போடுங்க. வைண்டிங் வயர் விலையில ரெண்டு பாகம், காப்பர் விலை ஒண்ணு, அதை இழுத்து இனாமல் பூசி தர்ற கூலி ஒண்ணு. காப்பர் லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச் விலையையும் டாலரையும் பிடிச்சுக்கிட்டு ஏறி இறங்கும், அது உங்க கையிலயும் இல்ல பார்ட்டி கையிலயும் இல்ல. கூலி மட்டும் தான் பேசி முடிக்கிற விஷயம். அதனால "சரக்கு கிளம்புற அன்னிக்கு இன்னாரு போடுற காப்பர் ரேட், அதோட கிலோவுக்கு இவ்ளோ கூலி, கூலி ஆறு மாசத்துக்கு மாறாது"ன்னு எழுதுங்க. எந்த ரேட் ஷீட், எந்த தேதின்னு தெளிவா இல்லேன்னா ஏறுற அன்னிக்கு அவரு ஆர்டர் தேதிம்பாரு, இறங்குற அன்னிக்கு நீங்க டெலிவரி தேதிம்பீங்க. ரேட் சீட்ட பில்லோட சேத்து அனுப்பச் சொல்லுங்க, அக்கவுண்ட்ஸ்ல கேள்வி வராது.

பிஓ அனுப்பிட்டேன், பார்ட்டி கிட்ட இருந்து சத்தமே இல்ல. ஒத்துக்கிட்டாருன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்காதீங்க. ரெண்டு நாள்ல "ஓகே, இந்த தேதிக்கு தர்றேன்"னு பதில் வரணும், வாட்ஸ்அப்ல வந்தா கூட போதும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவுல எலக்ட்ரானிக் முறையில பண்ண ஒப்பந்தம்ங்கற ஒரே காரணத்துக்காக செல்லாதுன்னு சொல்ல முடியாது. ஆனா வாட்ஸ்அப்ல வந்தத மெயில்லயோ ஃபைல்லயோ ஏத்திடுங்க, போன் மாத்துனா போச்சு.

பெரும்பாலும் லேட் ஆகுறது இந்த எடத்துல தான். பார்ட்டி பிஓவ திறந்தே பாத்திருக்க மாட்டாரு, நாம பத்து நாள் கழிச்சு "கிளம்பிடுச்சா"ன்னு கேட்டா "எது"ம்பாரு. டெலிவரிக்கு பாதி நாள் இருக்கும்போதே ஒரு போன் போடுங்க. கடைசி நாள்ல போட்டா சமாதானம் தான் கெடைக்கும், சரக்கு கெடைக்காது.

நடுவுல அளவோ ரேட்டோ மாறுனா புது பிஓவா, பழசுலயே திருத்தமா?

அதே நம்பர்ல திருத்தம் 1, திருத்தம் 2ன்னு போடுங்க, என்ன மாறுச்சு, ஏன் மாறுச்சுன்னு ஒரு வரி. பேனாவால அடிச்சு கையெழுத்து போடுற பழக்கம் வேண்டாம், ஸ்டோர்ஸ்ல ஒரு காப்பி பழசாவே இருக்கும். ரேட் திருத்தத்துக்கு மறுபடி அப்ரூவல் கட்டாயம்.

மூணு பேப்பர ஒத்துப் பாக்குறதுன்னு சொல்றாங்களே, அது என்னங்க? எவ்ளோ வித்தியாசம் விடலாம்?

பிஓ, ஜிஆர்என், பில்லு. கேட்டது என்ன, வந்தது என்ன, பணம் கேக்குறது எவ்ளோ. மூணும் ஒத்துப்போனா பில்லு பாஸ், இல்லேன்னா நிறுத்தி கேக்கணும். இவ்ளோ தான் விஷயம், ஆனா பைசா வித்தியாசத்துக்கெல்லாம் நிறுத்துனா ஊரே நிக்கும். எடையில வர்ற சரக்குக்கு 2%, எண்ணி வர்றதுக்கு பூஜ்யம், ரேட்டுல பூஜ்யம், ரவுண்டிங் வித்தியாசம் சில ரூபா, இப்படி எழுதி அக்கவுண்ட்ஸ் சுவத்துல ஒட்டிடுங்க. ரேட்டுல மட்டும் ஏன் பூஜ்யம்னா, "ஒரு ரூபா தானே"ன்னு விட்டா அடுத்த பில்லுல அதுவே ரேட் ஆயிடும்.

ஜிஆர்என் போடுறவரு பில்ல பாத்து அளவ காப்பி அடிக்கக் கூடாது. இத யாரும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா நடக்குது. நான் ஸ்டோர்ஸ்ல இருந்தப்ப நானே பண்ணி இருக்கேன், மழை, லோடுமேன் அவசரம், 50 பெட்டி எங்க எண்றது. எண்ணி எழுதுனா தான் அது ஜிஆர்என், இல்லேன்னா பில்லுக்கு ஒரு ஜெராக்ஸ்.

பில்லு வந்தா ஜிஎஸ்டி 2பில (பார்ட்டிங்க ஏத்துன பில்லு நம்ம பேருல வர்ற லிஸ்ட்) பார்ட்டி ஏத்தி இருக்காரான்னும் பாத்துடுங்க, ஏத்தலேன்னா பில்லுல குடுத்த வரிக்கு வரவு எடுக்க முடியாது. பில்லு தேதியில இருந்து 180 நாளைக்குள்ள பார்ட்டிக்கு பணம் குடுக்கலேன்னாலும் எடுத்த வரவ வட்டியோட திருப்பணும், சண்டையில கெடக்குற பழைய பில்லு தான் இதுல சிக்கும்.

45 நாள் ரூல்னு அக்கவுண்ட்ஸ்ல பயமுறுத்துறாங்க. பிஓவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கு, இத பர்ச்சேஸ் ஆளுங்க கண்டுக்கிறதே இல்ல. 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனத்து கிட்ட வாங்குனா எழுத்துல பேசுன தேதிக்குள்ள பணம் குடுக்கணும், அந்த தேதி எந்த காரணத்துக்கும் 45 நாளத் தாண்டக் கூடாது. எழுத்துல ஒண்ணுமே இல்லேன்னா 15 நாள் தான். கவனிங்க, பிஓல பேமென்ட் டெர்ம்ஸ் கட்டத்த காலியா விட்டா உங்களுக்கு கெடைக்கிறது 15 நாள்! 60 நாள், 90 நாள்னு பிஓல போட்டாலும் செல்லாது. லேட்டானா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி.

இதுக்கு மேல 2023 பட்ஜெட்ல 1961 வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)னு ஒண்ணு சேத்தாங்க, 2024 ஏப்ரல் 1ல இருந்து அமலு. அந்த கெடுவுக்குள்ள குடுக்காத பில்ல அந்த வருஷச் செலவா காட்ட முடியாது, எந்த வருஷம் குடுக்குறீங்களோ அந்த வருஷம் தான். மார்ச் மாசம் எல்லா பர்ச்சேஸ் டிபார்ட்மென்டும் பார்ட்டிங்க கிட்ட உத்யம் (எம்எஸ்எம்இ பதிவு) சர்ட்டிஃபிகேட் கேட்டு ஓடுறது இதுக்கு தான். வாங்கி விக்கிற டிரேடருக்கும் நடுத்தர நிறுவனத்துக்கும் இது கிடையாது, அதனால வெண்டார் மாஸ்டர்லயே (பார்ட்டிங்க விவரம் இருக்கிற லிஸ்ட்) உத்யம் நம்பர், குறுவா சிறுவா, தயாரிக்கிறவரா டிரேடரான்னு குறிச்சு வச்சுடுங்க.

இன்னொண்ணு, நாள் எப்ப இருந்து எண்றதுன்னா சரக்க ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து. சரக்கு வந்து 15 நாளைக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லலேன்னா வந்த அன்னிக்கே ஏத்துக்கிட்டதா கணக்கு. குவாலிட்டில ரிஜெக்ட் பண்ணிட்டு பார்ட்டிக்கு போன்ல மட்டும் திட்டுனா சட்டத்துக்கு அது காதுல விழாது. ரிஜெக்ஷன் நோட்ட அன்னிக்கே மெயில் பண்ணுங்க.

ஜாப் வொர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செஞ்சு வாங்க, வெளிய போற சரக்குக்கும் பிஓ வேணுமா? சலான் தான் போடுறோமே.

வேணும். டிசி, அதான் டெலிவரி சலான், சரக்கு எங்க போச்சுன்னு சொல்லும், கூலி எவ்ளோன்னு சொல்லாது. பீஸுக்கு 14 ரூபாவா 16 ரூபாவான்னு பில்லு வரும்போது தான் தெரியும், அப்பவும் "டூல் விலை ஏறிடுச்சுங்க"ம்பாரு. ஜாப் வொர்க் பிஓல கூலி, ரிஜெக்ஷன் எத்தனை சதவீதம் வரைக்கும் சும்மா விடுவோம், அதுக்கு மேல போனா காஸ்டிங் விலைய யாரு ஏத்துக்கறது, ஸ்க்ராப் யாருக்கு, இது நாலும் எழுதுங்க. ஜிஎஸ்டில ஜாப் வொர்க்குக்கு அனுப்புன சரக்கு 1 வருஷத்துக்குள்ள திரும்பி வரணும், மிஷின் மாதிரி மூலதனப் பொருள்னா 3 வருஷம், இல்லேன்னா அனுப்புன அன்னிக்கே வித்ததா எடுத்துக்குவாங்க. திரும்பாத டிசி லிஸ்ட்ட மாசம் ஒரு தடவை பாருங்க, அதுல இருக்கிற பாதி சரக்கு எங்கன்னு ஜாப் வொர்க்காரருக்கே தெரியாது.

ராத்திரி மிஷின் நின்னுடுச்சு, பெல்ட் வேணும். அப்பவுமா பிஓ?

இல்லீங்க, ஓடிப்போய் வாங்குங்க. அவசரத்துக்கு ஒரு தனி வழி வச்சுடுங்க, இத்தனை ரூபா வரைக்கும் மெயின்டனன்ஸ் ஆளு வாங்கலாம், ஒரு மெசேஜ் குரூப்ல போட்டா போதும், அடுத்த நாள் மதியத்துக்குள்ள பில்லோட பேப்பர் வரணும், அதுல அவசரம்னு முத்திரை. முத்திரை எதுக்குன்னா மாச கடைசியில எண்ணிப் பாக்க. ஒரே பெல்ட் மூணு மாசம் அவசரமா வாங்கி இருந்தா அத ஸ்டோர்ஸ்ல வாங்கி வச்சுடுங்க.

எவ்ளோ இருப்பு குறைஞ்சா ஆர்டர் போடணும்ங்கறதுக்கும் பெரிய கணக்கு வேண்டாம். ஒரு பேரிங் வருஷத்துக்கு 4,800, வேலை நாள் 300னா தினம் 16. சரக்கு வர 10 நாள் ஆகும்னா 160, கைகாவலுக்கு 5 நாள் 80, ஆக இருப்பு 240ஐ தொட்டா இண்டென்ட். ஒரு தடவைக்கு எவ்ளோ வாங்குறதுன்னு ஃபோர்டு ஹாரிஸ்ங்கறவரு 1913லயே ஃபார்முலா குடுத்துட்டாரு. ஒரு ஆர்டருக்கு 500 ரூபா செலவு, ஒரு பேரிங்க வருஷம் முழுக்க வச்சிருக்க 12 ரூபான்னா 632 வருது. நீங்க பெட்டி கணக்கா 600ன்னு போட்டுக்கங்க.

டேலி போதுமா, எஸ்ஏபி மாதிரி பெருசா வேணுமா?

டேலிலயே பர்ச்சேஸ் ஆர்டர், ரிசீப்ட் நோட், பர்ச்சேஸ் பில்லு மூணும் தனித்தனியா போட்டு ஒண்ணோட ஒண்ணு இணைக்கலாம், ஆனா பாதி கம்பெனியில நேரா பர்ச்சேஸ் பில்லு மட்டும் தான் ஏத்துறாங்க. எஸ்ஏபில எம்இ21என்ங்கற ஸ்கிரீன்ல பிஓ, மிகோங்கற ஸ்கிரீன்ல ஜிஆர்என், மிரோங்கறதுல பில்லு, அடிப்படை அதே மூணு தான். எது வாங்குனாலும் பிஓ நம்பர் இல்லாம ஜிஆர்என் போட விடக்கூடாது, அந்த செட்டிங்க ஆஃப் பண்ணிட்டு ஓட்டுனா கோடி ரூபா சாப்ட்வேரும் டைப்ரைட்டர் தான்.

பழைய பிஓங்க நூத்துக்கணக்குல பெண்டிங்ல கிடக்கு. என்ன செய்யலாம்?

க்ளோஸ் பண்ணுங்க. 100 கேட்டு 97 வந்து அந்த 3 வராதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா சிஸ்டம் இன்னும் வரும்னு நெனச்சுட்டு இருக்கும், அத நம்பி ஸ்டோர்ஸ்ல ஆர்டர் போட மாட்டாங்க. டெலிவரி தேதி தாண்டி 60 நாள் ஆனத லிஸ்ட் எடுத்து பார்ட்டிக்கு ஒரு மெயில் போட்டு மூடிடுங்க. இல்லேன்னா ஆறு மாசம் கழிச்சு விலை இறங்குன சரக்க பழைய ரேட்டுல கொண்டு வந்து இறக்குவாரு ஒருத்தர், பிஓ உசுரோட தானே இருக்குன்னு.

பார்ட்டி பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சுன்னு மெயில் வந்திருக்கு. மாத்திடலாமா?

மெயில பாத்து மாத்தவே மாத்தாதீங்க. உங்ககிட்ட ஏற்கனவே இருக்கிற பழைய நம்பருக்கு போன் போட்டு ஓனர் கிட்டயே கேளுங்க, மெயில்ல இருக்கிற நம்பருக்கு போடாதீங்க. கேன்சல் செக் ஒரிஜினல் வாங்குங்க. பிஓ போடுறவரும் அக்கவுண்ட் நம்பர் மாத்துறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது.

எல்லாம் சரிங்க, எங்க முதலாளியே நேரா பார்ட்டிக்கு போன் பண்ணி ஆர்டர் சொல்லிடுறாரு. அவர எப்படி நிறுத்துறது?

நிறுத்த முடியாது, நானும் முயற்சி பண்ணி விட்டுட்டேன். அவரு முப்பது வருஷமா அந்த ஃபவுண்ட்ரிக்காரரோட டீ குடிச்சு பழகுனவரு, ஒரு போன்ல அவருக்கு கெடைக்கிற ரேட் எனக்கு பத்து மெயில்லயும் கெடைக்காது, அதையும் ஒத்துக்கணும்.

நான் என்ன பண்ணேன்னா பார்ட்டி பக்கம் போய் கட்டுனேன். எங்க ரெகுலர் பார்ட்டி எல்லாருக்கும் "எங்க ஐயா போன்ல சொன்னாலும் சரி, பில்லுல பிஓ நம்பர் இல்லேன்னா கேட்ல வண்டி உள்ள வராது, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு ஒரு லெட்டர், அதுல கையெழுத்து முதலாளியே போட்டது, என்னிக்கு அவரு நல்ல மூட்ல இருந்தாரோ அன்னிக்கு வாங்குனேன். முதல் மாசத்துல ஒரு வண்டி கேட்ல ஒன்றரை மணி நேரம் நின்னுச்சு, டிரைவர் சத்தம், ஃபவுண்ட்ரிக்காரரு முதலாளிக்கு போன், முதலாளி என்னைய கூப்பிட்டாரு. நான் அந்த லெட்டர எடுத்துட்டு போனேன். படிச்சு பாத்துட்டு "சரி, சீக்கிரம் ஒரு பிஓ போட்டு உள்ள விடு"ன்னாரு. இப்ப போன்ல பேசி முடிச்ச உடனே எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாரு, "காஸ்டிங் 200 சொல்லிருக்கேன், 94 ரூபா, போட்டுரு"ன்னு. அதுல டிராயிங் நம்பரும் இருக்காது ஒண்ணும் இருக்காது, ஆனா பார்ட்டி பில்லு போடறதுக்கு முன்னாடி எனக்கு வந்துடுதுங்க.